எட்டாம் நாள் போய்ப் பார்க்கிறவர்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அது ஒரு சாண் கன்றாக இருந்தபோது சாரத்துப் பால்வாடி டீச்சர் கொடுத்தது. கொடுத்ததோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன், கன்றும் கருகியிருக்கும். எட்டாம் நாள் காலை, தலை நிறைய எண்ணெயோடு நான் நிற்கிறேன், வாசலில் டீச்சர். என்னவோ ஏதோ என்று பதறிப்போய்க் கேட்டால், "ஒண்ணுமில்ல கிளார்க்கம்மா, செடி புடிச்சுதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்கிறார். நேரே கொல்லைக்குப் போனார். குனிந்து கொழுந்தைத் தொட்டுப் பார்த்தார். சோப்புத் தண்ணீரை இந்தப் பக்கம் விடாதீங்க என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். இதற்காகச் சாரத்திலிருந்து எங்கள் முத்தியால்பேட்டைக்கு வெயிலில் நடந்தே வந்திருக்கிறார் மனுஷி.

எல்லாவற்றிலும் இதே கதைதான். தலைவலி என்று சொன்னால் சுக்கு உரைத்துப் பற்றுப் போடச் சொல்வார். அடுத்த முறை பார்த்ததும் முதல் கேள்வி, "விட்டுச்சா?" ஒருமுறை பெரிய மார்க்கெட் வாசலில் ஒரு வெளியூர்க்காரர் வழி கேட்டார். வழி சொன்ன டீச்சர் சும்மா வரவேண்டியதுதானே? அவர் சரியான தெருவில்தான் திரும்புகிறாரா என்று மூலை வரைக்கும் பின்னாலேயே போனார். அந்த ஆள் பயந்துபோய் வேகமாக நடக்க, இவரும் வேகமாக நடக்க, காய்கறிப் பையோடு நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி வந்து, சொல்லிவிட்டால் ஆயிற்றா, போய்ச் சேர்ந்தாரா என்று பார்க்க வேண்டாமா என்று என்னையே கடிந்துகொண்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார். சின்ன வயதில் அம்மை குத்துகிறவருக்கு உதவியாகச் சந்து சந்தாகப் போயிருக்கிறார். பெண்கள் வெளி ஆம்பளையிடம் கையைக் காட்டக் கூச்சப்படுவார்கள் என்று கூட ஒரு பெண் வேண்டியிருந்ததாம். குத்துவது ஒரு நாள் வேலை. எட்டாம் நாள் அதே வீடுகளுக்குத் திரும்பப் போய், குத்தின இடத்தில் கொப்புளம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டியிருந்தால் ஊசி பிடித்தது. இல்லாவிட்டால் மறுபடி குத்த வேண்டும். நிறையப் பேர் எட்டாம் நாள் போக மாட்டார்களாம். குத்தின எண்ணிக்கையை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்களாம். இவர் போவார்.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. சொந்தக்காரர்கள் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று இல்லை. எழுத எனக்கு யோக்கியதை கிடையாது, அவ்வளவுதான். இதைப் படித்து முடிக்கும்போது நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

எழுபதுகளின் கடைசி அது. கடற்கரைப் பக்கம், உயரமான ஜன்னல்கள் வைத்த ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில் எங்கள் அரசு அலுவலகம். நான் அங்கே எழுத்தர், தட்டச்சும் நான்தான். ஏழைக் குழந்தைகளுக்குக் காலையில் பால், மதியம் கோதுமை ரவை உப்புமா கொடுக்கிற பால்வாடிகள் ஊர் முழுக்க எங்கள் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொரு பால்வாடியிலிருந்தும் மாத முதல் வாரத்தில் ஒரு படிவம் வரும். எத்தனை குழந்தைகள் பேர் பதிந்திருக்கின்றன, எத்தனை சாப்பிட்டன, எத்தனை குழந்தைக்கு எடை கூடியது என்று மூன்று எண்கள். எல்லாவற்றையும் ஒரே நீளத் தாளில் தட்டச்சு செய்து அதிகாரியின் மேஜையில் வைக்க வேண்டியது என் வேலை.

மற்ற மையங்களின் படிவங்கள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அறுபது, அறுபது, அறுபது. அடுத்தது ஐம்பது, ஐம்பது, ஐம்பது. பதிந்த குழந்தை எல்லாம் சாப்பிட்டது, சாப்பிட்ட குழந்தைக்கெல்லாம் எடை கூடியது. எங்கள் ஊர்க் குழந்தைகள் மாதிரி சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தைகள் உலகத்திலேயே கிடையாது என்று நானும் பக்கத்து மேஜைக்காரியும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே தட்டச்சும் செய்வோம்.

சாரத்துப் படிவம் மட்டும் அறுபது, அறுபது, பத்தொன்பது என்று வந்தது. நான் வேலைக்குப் புதுசு. டீச்சர் மறதியாகத் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து, அவர் நேரில் வந்தபோது சுட்டிக்காட்டினேன். அவர் துணிப்பையிலிருந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றின ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். அறுபது குழந்தைக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். மாசா மாசம் எடை. "சாப்பிட்டது அறுபது. தேறுனது பத்தொம்பது. ரெண்டும் எப்பிடிம்மா ஒண்ணாவும்?" என்றார்.

அவர் எடை பார்க்கிற அழகை ஒருநாள் போய்ப் பார்த்தேன். மூடும் நிலையில் இருந்த ஒரு மில்லின் பின்பக்கச் சந்து. ஓட்டுக் கட்டடம், ஒரே கூடம், பின்னால் சமையலுக்குப் புகை மண்டின ஒரு குசினி. உத்தரத்தில் கடிகாரம் மாதிரி முள் வைத்த ஒரு தொங்கு தராசு, அதில் துணித் தூளி. எடை பார்க்கிற நாள் காலையில் முதல் வேலையாகத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் ஐந்து கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி வருவார். அதைத் தூளியில் வைத்து, முள் சரியாக ஐந்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழந்தையைத் தொடுவார். கொலுசு, அரைஞாண், சட்டை எல்லாம் கழற்ற வேண்டும். பால் குடிப்பதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். சில மையங்களில் உப்புமா தின்ன வைத்து, அதற்கு மேல் தண்ணீரும் குடிக்க வைத்து நிறுப்பதாகக் கேள்விப்பட்டபோது, "அப்ப உப்புமா எடைதான் கூடியிருக்கும்" என்றார் சிரிக்காமல்.

வயதிலும் அவரை ஏமாற்ற முடியாது. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே குழந்தை பிறந்தால் மேரியில், அதாவது நகரசபைக் கட்டடத்தில், பதிந்தே ஆக வேண்டும். பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களில் புயலடித்த வருஷம், பொங்கலுக்கு முந்தின வாரம் என்று வயதுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலும், இந்தச் சந்துக் குடிசையில் தகரப் பெட்டிக்குள் ஒரு மேரிக் காகிதம் இருக்கும். அதைக் கொண்டுவரச் சொல்லித் தேதியைப் பார்த்து எழுதுவார். இந்த வயதுக்கு இந்த எடை இருக்க வேண்டும் என்கிற அட்டை தராசுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும்.

தாய்மார்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். குழந்தையைத் தராசில் வைத்தால் கண் பட்டுவிடும் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். டீச்சர் சண்டை போடவில்லை. ஒரு மை டப்பா வாங்கி வைத்துக்கொண்டார். எடை பார்த்து இறக்கினதும் உள்ளங்காலில் ஒரு பொட்டு. அன்றைக்குச் சந்தில் கால் நீட்டித் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாலே எடை பார்த்தாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் போன அன்றைக்கு என் மடியில் வந்து உட்கார்ந்தது செல்வி என்கிற குட்டி. மூன்று வயது நடக்கிறது, பார்த்தால் ஒன்றரை வயதுதான் சொல்வீர்கள். என் கைப்பையின் கொக்கியை டக் டக் என்று திறந்து மூடுவதில் அதற்கு அப்படி ஒரு சந்தோஷம். காலில் மை காயாமல் என் புடவையில் அப்பிக்கொண்டது. அந்தக் கறை போகவே இல்லை.

சாப்பிட்டும் ஏன் தேறவில்லை என்று கேட்டேன். டீச்சர் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சந்துக் குழாயைக் காட்டினார். குழாய் வருவதே சாக்கடைக்குள்ளேதான். துருப்பிடித்த இடத்தில் ஒட்டுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. தண்ணீர் நிற்கிற நேரத்தில் சாக்கடை உள்ளே இறங்கும். மறுபடி திறக்கும்போது முதல் நாலு குடம் கலங்கலாக வரும். வருஷம் பூராவும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. "நாம மேல ஊத்துறோம், அது கீழ போவுது" என்றார். அவர் கேட்டது புதுசாக ஒரு குழாய். சாக்கடையை விட்டு விலகி, சந்தின் அந்தப் பக்கமாக ஒரு நூறடிக்கு வந்தால் போதும். வேறு எதையும் அவர் கேட்டதே இல்லை.

மனுக்கள் எழுதியிருந்தார். எங்கள் அலுவலகத்தில், குழாய் நம் நிதித் தலைப்பில் வராது, அது வேறு துறை என்றார்கள். வேறு துறையில், பால்வாடியா, அது உங்கள் துறை என்றார்கள். ஆனால் மார்ச் மாதம் வந்தால் எங்கள் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கிற நிதியை முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவு செய்யாவிட்டால் அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்கள் என்று எல்லோரும் பறப்பார்கள். ஒரு மார்ச்சில் எல்லா மையத்துக்கும் ரப்பர் குதிரை வாங்கினோம். இன்னொரு மார்ச்சில், ஏற்கனவே தட்டு இருக்கும்போதே, பள்ளம் பள்ளமாக அறை வைத்த புதுத் தட்டு. டீச்சர் அந்த அறுபது தட்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று பள்ளத்தில் மூன்று பதார்த்தம் எப்போது வரும் என்று கேட்டார். உப்புமா ஒன்றுதான் என்றேன். குதிரை வாங்கின வருஷமும் அப்படித்தான், மறுவாரமே ஓட்டை விழுந்த ஒரு ரப்பர் குதிரையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இது மூன்றாம் நாளே காற்றுப் போய்விட்டது, வாங்கினவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். யாரிடம் சொல்ல? அதை அலமாரியின் மேல் போட்டேன்.

அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் சுற்றறிக்கை ஒன்றில், பாதிக் குழந்தைகளுக்கும் குறைவாக எடை கூடிய மையத்துக்கு ஒரு டாக்டரும் ஓர் அதிகாரியும் நேரில் போய்க் காரணம் ஆராய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சுற்றறிக்கையை மடித்து நோட்டுக்குள் வைத்திருந்தார். உள்ளதை எழுதினால் ஒருநாள் அந்த இரண்டு பேரும் வருவார்கள், குழாயைக் காட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். மாதா மாதம் படிவத்தைக் கொடுத்துவிட்டு, ஏதாவது கேட்டார்களா என்று மெதுவாக விசாரிப்பார்.

இனிமேல்தான் என் திருக்கூத்து.

நான் வேலைக்கு வந்த புதிதில், வேறொரு பால்வாடியில் இப்படித்தான் குறைந்த எண் எழுதி அனுப்பினார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று கோப்பில் ஒரு வரி எழுதி மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவள் கைக்குழந்தையோடு வந்து எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். டீச்சருக்கும் நிரந்தர வேலை இல்லை, மதிப்பூதியம்தான். புருஷன் போய்விட்டார், பிள்ளை கிடையாது. சாரத்து மையத்தை மூடினால் அவர் எங்கே போவார்? அறுபது குழந்தையும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகும்?

அந்த மாதமும் அவர் படிவத்தில் பத்தொன்பது. நீளத் தாளைத் தட்டச்சு செய்யும்போது ஒன்றை அடிக்க வேண்டிய இடத்தில் நான்கை அடித்தேன். நாற்பத்தொன்பது. ஒரே ஒரு விசை. யாரும் பார்க்கவில்லை. பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட மாதிரி அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கிப் போனேன். அடுத்த மாதம் பதினேழு, நாற்பத்தேழு ஆனது. அதற்கடுத்தது இருபத்தொன்று, ஐம்பத்தொன்று. டீச்சர் வந்து, யாராவது கேட்டார்களா என்பார். வருவார்கள் டீச்சர் என்பேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. அவர் நல்லதுக்காக அவருக்குத் தெரியாமல் செய்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்ன திமிர்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிற்று. ஐப்பசி மழையில் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். சாக்கடை எது, தெரு எது என்று தெரியாத அந்த வாரத்தில் செல்விக்கு வயிற்றுப்போக்கு கண்டது. டீச்சரே தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துக் கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அவர்கள் எல்லாம் செய்து பார்த்தார்களாம். உடம்பில் எதுவும் மிச்சமில்லாத குழந்தை. இரண்டாம் நாள் போய்விட்டது.

அந்த மாதப் படிவத்தோடு டீச்சர் வந்தார். முதல் எண் ஐம்பத்தொன்பது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "அந்தக் கைப்பை கொக்கி..." என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவையாவது கேட்டார்களா என்றார். நான் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன். அழுதுவிட்டு, அன்று மத்தியானம் அவர் எழுதின பதினைந்தை நாற்பத்தைந்து என்று தட்டச்சு செய்தேன். அது எனக்குப் பழகிப்போயிருந்தது. இப்போது திடீரென்று பதினைந்து என்று போட்டால் முந்தினதெல்லாம் வெளியே வந்துவிடுமே என்கிற பயமும் அதற்குள் சேர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லில் அப்போது கதவடைப்பு. வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில்.

புதிதாக வந்த அதிகாரி நல்ல மனிதர், படித்தவர். நீளத் தாளைப் பார்த்ததும் அவருக்கு ஒன்று உறைத்தது. எல்லா மையத்திலும் எண்கள் அசையாமல் நிற்கின்றன, சாரத்தில் மட்டும் ஏறி இறங்குகின்றன. இவர்கள் ஒருவர்தான் உண்மையாகவே எடை பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அது சரியான கண்டுபிடிப்புதான். அந்த வருஷத்தின் சிறந்த மையம் என்று சாரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

விழாவில் பந்தல், மைக், மாலை. டீச்சர் ஒரு வெள்ளை வாயில் புடவையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, அவருடைய மையத்தில் எத்தனை குழந்தைகளுக்கு எடை கூடியது என்று மாத வாரியாகப் படித்தார்கள். நாற்பத்தொன்பது, நாற்பத்தேழு, ஐம்பத்தொன்று. நான் கீழே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். பிறகு தெரிந்தது, இது எங்கள் சென்டர் இல்லை சார் என்றாராம். அடக்கமான பெண்மணி என்று அதிகாரி மைக்கிலேயே பாராட்டினார். கைதட்டல். கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் என் மேஜைக்கு முன்னால் நின்றார். நோட்டை விரித்து வைத்தார். நான் நீளத் தாளின் நகல்களை எடுத்து வைத்தேன், ஒளிக்கத் தோன்றவில்லை. விரலை வைத்து மாதம் மாதமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஐப்பசியில் விரல் நின்றது.

"இது நீ செஞ்சதா?"

அதுவரைக்கும் அவர் என்னை நீங்கள் என்றுதான் பேசியிருந்தார். ஆமாம் என்றேன். மூடிவிடுவார்கள், உங்கள் வேலை போய்விடும், குழந்தைகள் பட்டினி கிடக்கும் என்று ஏதேதோ உளறினேன்.

"மூடுறதுக்காவது எவனாவது ஒருத்தன் வந்து பாத்திருப்பான்மா. நான் கொழாயக் காட்டியிருப்பேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளவில்லை அவர். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த என் இரண்டு பிள்ளைகளின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன், உனக்கும் வயிறு இருக்கிறது என்றார். அடுத்த மாதத்திலிருந்து உள்ளதை உள்ளபடி போட்டால் போதும், அதைப் பார்த்தே வருவார்கள் என்றார். சத்தியம் செய்தேன். செல்வி மேல் சத்தியம் செய்ய வாயெடுத்தேன், அவர் என் வாயைப் பொத்தினார்.

அந்த மாதம் பதினெட்டு. பதினெட்டு என்றே தட்டச்சு செய்தேன், இதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அதிகாரி கூப்பிட்டார். தாளில் அந்த எண்ணை வட்டமிட்டிருந்தார். பரிசு வாங்கின மையம், போன மாதம் நாற்பத்தாறு, இந்த மாதம் எப்படிப் பதினெட்டு ஆகும், தட்டச்சுப் பிழைதானே என்று சிரித்தார். திட்டவில்லை. அன்பாகத்தான் கேட்டார். எதிரே நாற்காலிகூடக் காட்டினார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வந்திருக்காது. இல்லை சார், இதுதான் சரி, முந்தினதெல்லாம்தான் பிழை என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

"ஆமாம் சார், தட்டச்சுப் பிழைதான்" என்றேன்.

அவர் தன் பேனாவாலேயே ஒன்றை நான்காகத் திருத்தினார்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்தார். போட்டாயா என்றார். போட்டேன் என்றேன். பொய் இல்லையே. பார்த்தார்களா என்றார். அதிகாரி பார்த்தார், வட்டம்கூடப் போட்டிருக்கிறார் என்றேன். அதுவும் பொய் இல்லை. "வருவாங்களா?" என்று கேட்டார். வருவார்கள் டீச்சர் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்க்க வேண்டியிருந்தது. கறிவேப்பிலைக் கன்றுக்காக அத்தனை தூரம் வெயிலில் நடந்து வந்தவர், நான் சொன்னதை மட்டும் சரிதானா என்று போய்ப் பார்க்கவில்லை. அதிகாரியின் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் வந்தால் கோப்பு அறைக்குள் போய் நிற்பேன். படிவத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏழெட்டு மாதம் கழித்து, சமையலுக்கு இருந்த அம்மாள் படிவத்தைக் கொண்டுவந்து பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். டீச்சருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதாம். தராசு முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தெரியவில்லை, தெரியாததை எழுத மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு, கடலூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். புதுசாக வந்த பெண் எழுதின படிவம் அது. அறுபது, அறுபது, அறுபது. நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சந்துக் குழாயும் மாறத்தான் மாறியது. பல வருஷம் கழித்து, எண்பதுகளின் நடுவில், மில் பக்கம் சாலையை அகலப்படுத்தத் தோண்டினபோது சாக்கடைக்குள் ஓடின பழைய குழாய் யாருக்கோ அகப்பட்டு, புதுக்குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு குழந்தைகள் தேறினவா என்று யாரும் எடை பார்க்கவில்லை. செலவு செய்த விவரம் மட்டும் ஆண்டறிக்கையில் இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

ஆனால் அவர் வேலையை விட்டுப்போன சேதி கேட்ட அன்றைக்கே நான் சாரத்துக்கு ஓடினேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. கூடத்தில் தொங்கு தராசு அப்படியே இருந்தது, தூளி அவிழ்ந்து கிடந்தது. பரிசுக் கடிகாரம் சுவரில் இல்லை. குசினி மூலையில், உறை பிரிக்காமல் கிடந்தது. குழந்தைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தன. சுவரோரமாக இரண்டு மர நாற்காலிகள் மட்டும், தூசி இல்லாமல், ஒன்றும் வைக்காமல்.

இங்கே நாற்காலி ஏது என்று கேட்டேன். தெருமுனையில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற ஒருவர் இருந்தார், எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். அவர் வீட்டில் டீச்சர் கேட்டு வாங்கி வந்தது என்றாள் சமையல் அம்மாள். ஆபீஸிலிருந்து டாக்டர் ஒருத்தரும் அதிகாரி ஒருத்தரும் கட்டாயம் வருவார்கள், கிளார்க்கம்மா சொல்லியிருக்கிறாள் என்று, தினமும் காலையில் துடைத்துப் போடுவாராம். குழந்தைகளை ஏற விடமாட்டாராம். பேச்சின் நடுவில் அவள் முந்தானையால் ஒரு நாற்காலியை மறுபடியும் ஒரு தட்டு தட்டினாள். நான்தான் அந்தக் கிளார்க்கம்மா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க ஆபீஸ்லேருந்துதானம்மா வந்துருக்கீங்க?" என்றாள். "உக்காருங்க. ஒங்களுக்குத்தான் போட்டு வெச்சிட்டுப் போயிருக்காங்க."